வெப்பத்தின் வழியே ஈர்ப்பு: தாணு பத்மநாபனின் ஆய்வுப் பங்களிப்பு

இலத்தூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்

கருந்துளைக்கு வெப்பநிலை உண்டு என்பது 1974ஆம் ஆண்டில் கணக்கின் வழியே தெரியவந்தது. அதற்கு முன்புவரை ஈர்ப்பும் வெப்பமும் இயற்பியலில் தனித்தனி அதிகாரங்களாகவே இருந்தன. ஒன்றை எழுதியவருக்கு மற்றொன்றைத் தொட வேண்டிய தேவை எழவில்லை. இரண்டையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்திய அந்த முடிவு கருந்துளைகளுக்கே உரிய விந்தை என்று விட்டுவிடத்தக்கதன்று, ஈர்ப்பு என்பதன் இயல்பு முழுவதையும் பற்றிய செய்தி அதில் அடங்கியிருக்கிறது என்று கொண்டு, அச்செய்தியைச் சமன்பாடு சமன்பாடாகப் பின்தொடர்ந்தவர்களுள் முன்னிற்பவர் தாணு பத்மநாபன். குவாண்டம் ஈர்ப்பு என்னும் துறையில் அவர் நிறுவியவை எவை, துணிந்து முன்வைத்துவிட்டுச் சென்றவை எவை என்று பிரித்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பத்மநாபன் 1957 மார்ச் 10 அன்று திருவனந்தபுரத்தில் பிறந்தார். இலத்தூருக்கு அண்மையிலுள்ள செங்கோட்டை, திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. ஆகவே அவர் பிறந்தபோது, செங்கோட்டையைக் கேரளத்தோடு இணைக்கும் ஆரியங்காவுக் கணவாயின் இருபுறத்துக்கும் நடுவே மாநில எல்லை விழுந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் இளநிலை மாணவராக இருந்தபோதே, தம் இருபதாம் வயதில், பொதுச் சார்புக் கொள்கை பற்றிய முதல் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்ட அவர், 1979இல் முதுநிலைப் படிப்பை முடித்துக்கொண்டு மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, ஜயந்த் நார்லிகரின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார். 1992இல் புணேயிலுள்ள ஐயூகா எனப்படும் வானியல், வானியற்பியல் பல்கலைக்கழகங்களிடை மையத்துக்கு மாறி, 2021 செப்டம்பர் 17 அன்று மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். 1996இல் பட்நாகர் விருது, 2007இல் பத்மஸ்ரீ, 2009இல் இன்போசிஸ் பரிசு என்று விருதுகளின் பட்டியல் நீளும். ஓர் ஆய்வாளரின் தாக்கத்தை அளக்க அப்பட்டியல் பெரிதும் உதவாது என்பதால் அதனை இவ்வளவில் விட்டு, அவர் கையிலெடுத்த சிக்கலுக்குச் செல்லலாம்.

இருபதாம் நூற்றாண்டு இயற்பியலுக்கு இரண்டு பெருங்கொள்கைகள் கிடைத்தன. ஐன்ஸ்டைன் 1915இல் முழுமை செய்த பொதுச் சார்புக் கொள்கை, ஈர்ப்பை ஒரு விசை என்று கொள்ளாமல், இடமும் காலமும் ஒன்றாய்ப் பின்னிய காலவெளியின் வளைவு என்று கொள்கிறது. அணுவுக்குள்ளும் அதற்குக் கீழும் நடப்பவற்றைச் சொல்லும் குவாண்டம் கொள்கையோ, எந்தப் பொருளின் நிலையையும் திசைவேகத்தையும் ஒருசேரத் துல்லியமாக வரையறுக்க முடியாது என்னும் அடிப்படையின் மேல் எழுந்தது. மின்காந்த விசைக்கும் அணுக்கருவுக்குள் இயங்கும் விசைகளுக்கும் குவாண்டம் வடிவம் தந்த வழிமுறையை அப்படியே ஈர்ப்புக்கும் கையாண்டால், விடைகள் முடிவிலியாகி, அம்முடிவிலிகளை நீக்கவும் வழியில்லாமற் போகிறது. இவ்விரு கொள்கைகளும் ஒருசேரத் தேவைப்படும் அளவு பிளாங்க் நீளம் எனப்படும். ஒரு மீட்டரைப் பத்து கோடி கோடி கோடி கோடி கோடி பகுதிகளாக்கினால் கிடைப்பதைவிடவும் பெரிதாயினும், எந்தத் துகள் முடுக்கிக்கும் எட்டாத 1.6×10⁻³⁵ மீட்டர் என்னும் அளவு அது. இந்த முட்டுக்கட்டையைக் கடக்க இழைக் கொள்கை ஒரு வழியையும், அபய் அஷ்டேகர் 1986இல் கண்டறிந்த புதிய மாறிகளிலிருந்து வளர்ந்த வளையக் குவாண்டம் ஈர்ப்பு இன்னொரு வழியையும் தேர்ந்தன. இரண்டுமே கீழிருந்து மேலே ஏற முயல்பவை: நுண்ணிய அடிப்படைக் கூறு இன்னது என்று முதலில் வகுத்துக்கொண்டு, அதிலிருந்து நாம் காணும் ஈர்ப்பை வருவிக்க முயல்பவை. பத்மநாபன் மேலிருந்து கீழே இறங்க முற்பட்டார்.

அவ்வாறு இறங்குவதற்குக் கால்வைக்க இடம் தந்தது கருந்துளை. ஒரு விண்மீன் தன் எரிபொருள் தீர்ந்தபின் தன் எடையைத் தானே தாங்கமாட்டாமல் சுருங்கும்போது, அதன் பொருண்மை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்டிருந்தால் வெண்குறுமீனாக அது நிலைக்க முடியாது என்று 1930களில் காட்டியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அந்த வரம்பைப் பல மடங்கு கடந்த பொருண்மை இறுதியில் கருந்துளையாகிறது. ஒளியும் வெளியேற முடியாதபடி அதைச் சூழ்ந்திருக்கும் பரப்பு நிகழ்வெல்லை எனப்படும். சூரியனளவு பொருண்மை கருந்துளையானால் அந்த எல்லையின் ஆரம் 3 கிலோமீட்டராக இருக்கும். 1970இல் பெங்களூரைச் சேர்ந்த சி. வி. விசுவேசுவரா, கருந்துளை ஒன்று அதிர்வுற்றால் அந்த அதிர்வு எவ்வாறு தேய்ந்தடங்கும் என்று கணக்கிட்டார். 2015இல் பதிவான ஈர்ப்பலையின் இறுதிப் பகுதியில் தென்படுவது அத்தகைய தேய்வே. கருந்துளை ஆய்வில் இந்தியப் பெயர்கள் முன்பே இடம்பெற்றிருந்தன என்பதற்கு இவை போதும்.

நிகழ்வெல்லைக்குள் ஒரு பொருளைப் போட்டுவிட்டால் அதன் என்ட்ரோபி என்னவாகும் என்ற வினாவை ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் 1970களின் தொடக்கத்தில் எழுப்பினார். என்ட்ரோபி என்பது ஓர் அமைப்பின் நுண்கூறுகள் வெளித்தோற்றம் மாறாமல் எத்தனை விதமாக அடுக்கப்படக்கூடும் என்பதன் அளவு. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிப்படி அது மொத்தத்தில் குறைவதில்லை. சூடான நீரைக் கருந்துளைக்குள் கொட்டிவிட்டு அதன் என்ட்ரோபி உலகைவிட்டே மறைந்தது என்று சொல்ல முடியுமானால் அந்த விதி பொய்த்துப்போகும். ஆகவே கருந்துளைக்கே என்ட்ரோபி உண்டு, அது நிகழ்வெல்லையின் பரப்பளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது என்றார் அவர். பரப்பளவுக்கு என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. நாம் அறிந்த மற்றெல்லாப் பொருள்களிலும் என்ட்ரோபி கன அளவைப் பொறுத்து வளர்கிறது. பெக்கன்ஸ்டைனின் கருத்தை முதலில் ஏற்காத ஸ்டீபன் ஹாக்கிங், 1974இல் குவாண்டம் கொள்கையைக் கருந்துளையின் அருகே பொருத்திப் பார்த்தபோது, அது வெப்பக் கதிர்வீச்சை வெளியிடுகிறது என்ற முடிவுக்குத் தாமே வந்துசேர்ந்தார். சூரியனளவுக் கருந்துளையின் வெப்பநிலை ஒரு கெல்வினில் ஒரு கோடியே அறுபது லட்சத்தில் ஒரு பங்கு. அண்டம் முழுதும் பரவியுள்ள நுண்ணலைப் பின்னணியின் வெப்பநிலையோ 2.7 கெல்வின். எனவே அக்கதிர்வீச்சை வானில் நேரடியாகக் காண்பது இன்றைக்கு இயலாது. எனினும் கணக்கின் வலிமையை ஐயுறுவோர் மிகச் சிலரே.

இத்தகைய வெப்பத்துக்குக் கருந்துளை வேண்டியதே இல்லை என்று வில்லியம் உன்ரு 1976இல் காட்டியது இதனினும் வியப்புக்குரியது. வெறும் வெளியில் ஒருவர் சீராக முடுக்கத்தோடு சென்றுகொண்டிருந்தால், அவரைப் பின்தொடரும் ஒளியில் ஒரு பகுதி அவரை என்றுமே எட்டாது. அவருக்குப் பின்னே, செய்தி கடந்துவர முடியாத எல்லை ஒன்று உருவாகிவிடுகிறது. அந்த எல்லைக்கும் வெப்பநிலை உண்டு; நிலையாக மிதப்பவருக்கு வெற்றிடமாகத் தோன்றுவது முடுக்கமுற்றவருக்கு வெப்பமுள்ளதாகத் தோன்றும். ஒரு கெல்வின் வெப்பத்தை உணர, நொடிக்கு நொடி 2.5×10²⁰ மீட்டர் வேகம் கூடும் முடுக்கம் தேவை என்பதால் இது அன்றாட வாழ்வில் தென்படுவதில்லை. ஆனால் கொள்கையளவில் இதன் பொருள் பெரிது. காலவெளியின் எந்தப் புள்ளியிலும் முடுக்கமுற்ற ஒரு பார்வையாளரைக் கற்பனை செய்துகொள்ளலாம் என்பதால், எந்தப் புள்ளியைச் சுற்றியும் ஓர் எல்லையையும் அதற்கொரு வெப்பநிலையையும் கற்பிக்கலாம். வெப்பம் கருந்துளைக்கு மட்டும் உரியதன்று, காலவெளிக்கே உரியது.

காலவெளிக்கு வெப்பம் உண்டு என்பதிலிருந்து எதைப் பெறலாம்? இங்குப் பத்மநாபன் திரும்பத் திரும்பச் சுட்டிய முன்னோடி லுட்விக் போல்ட்ஸ்மன். அணு உண்டா இல்லையா என்பதே வழக்கிலிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், வெப்பமேற்றத்தக்க எதற்குள்ளும் அந்த வெப்பத்தைத் தாங்கும் நுண்கூறுகள் இருந்தே தீரவேண்டும் என்று அவர் கொண்டார். விழும் நீரில் அது விளங்கும். குற்றாலத்துப் பேரருவி பாறையில் மோதி நிற்கும்போது, விழுந்ததால் பெற்ற வேகம் எங்கே போகிறது? நீரின் மூலக்கூறுகளுடைய ஒழுங்கற்ற அசைவாக மாறி, நீரை மிகச் சிறிதளவு சூடாக்குகிறது. நூறு மீட்டர் வீழ்ச்சிக்கு அந்தச் சூடு கால் பாகை செல்சியசுக்கும் குறைவு. சாரல் காற்றில் ஆவியாகும் நீரின் குளிர்ச்சி அதை முற்றிலும் மறைத்துவிடும் என்பதால் குளிப்பவர் எவரும் அதை உணர்வதில்லை. நயாகராவுக்கு இக்கணக்கை 1845இலேயே போட்டுவிட்ட ஜேம்ஸ் ஜூல், அடியிலுள்ள நீர் ஐந்தில் ஒரு பங்கு பாகை பாரன்ஹீட் மிகுந்திருக்கும் என்று எழுதினார். நீரைத் தொடர்ச்சியான ஒரே திரவமாகக் கொண்டால் அந்த ஆற்றல் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒளிந்துகொண்டது என்பதே மூலக்கூறு உண்டு என்பதற்குச் சான்று. மூலக்கூறைக் காணாமலே அதன் எண்ணிக்கையையும் வெப்ப இயக்கவியல் சொல்லிவிடும்: ஆற்றல் சமபங்கீட்டு விதிப்படி, தனித்து அசையக்கூடிய ஒவ்வொரு வழிக்கும், அதாவது ஒவ்வொரு சுதந்திர இயக்கக்கூற்றுக்கும், வெப்பநிலைக்கேற்ற குறித்த பங்கு ஆற்றல் உண்டு, மொத்த ஆற்றலை அந்தப் பங்கால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடுகிறது. இதே தருக்கத்தைக் காலவெளிக்குப் பொருத்துவதுதான் பத்மநாபனின் திட்டம். அவரது பார்வையில் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் திரவ ஓட்டத்துக்கும் மீள்தன்மைக்கும் உரிய சமன்பாடுகளின் இனத்தைச் சேர்ந்தவை. அடியிலுள்ள நுண்கூறுகளின் கூட்டு நடத்தையைச் சொல்பவை. அவற்றை நேரே குவாண்டமாக்க முயல்வது, நீரோட்டத்தின் சமன்பாட்டைக் குவாண்டமாக்கி ஹைட்ரஜன் அணுவைக் கண்டுபிடிக்க முயல்வதற்கு ஒப்பாகும்.

இவ்வெண்ணம் அவருக்கு மட்டுமே உரியது என்று சொல்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. ஆந்திரே சகரோவ் 1967இலேயே ஈர்ப்பை வெற்றிடத்தின் மீள்தன்மை என்று கருதிப் பார்த்தார். டெட் ஜேக்கப்சன் 1995இல், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியுமுள்ள எல்லைகளின் என்ட்ரோபி பரப்பளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று கொண்டு, அவற்றினூடே பாயும் வெப்பத்தைக் கணக்கிட்டாலே ஐன்ஸ்டைன் சமன்பாடுகள் வந்துவிடும் என்று காட்டினார். துறையின் திருப்புமுனை அக்கட்டுரை. பத்மநாபனின் சிறப்பு, அழகான ஒரு வாதமாக இருந்ததை எடுத்துக்கொண்டு, அது தற்செயலாக இருக்க முடியுமா என்று இருபதாண்டு காலம் எல்லாப் பக்கமும் சோதித்ததில் இருக்கிறது.

அச்சோதனையின் முதல் பெரும் விளைவு 2002இல் வந்தது. கோளச் சமச்சீருள்ள கருந்துளை ஒன்றின் எல்லையை மிகச் சிறிதளவு நகர்த்திப் பார்ப்பதாகக் கொண்டு, அந்த எல்லையின் மேல் ஐன்ஸ்டைன் சமன்பாட்டை எழுதினால், அது வெப்ப இயக்கவியலின் முதல் விதியாக, அதாவது வெப்பநிலையை என்ட்ரோபியின் மாற்றத்தால் பெருக்கிய தொகை, ஆற்றலின் மாற்றமும் அழுத்தத்தால் செய்யப்படும் வேலையும் சேர்ந்ததற்குச் சமம் என்ற விதியாக, உறுப்புக்கு உறுப்பு மாறி நிற்பதை அவர் காட்டினார். இதில் நுட்பமான ஓர் அம்சம் உண்டு. வெப்பநிலையின் கோவையில், குவாண்டம் விளைவுகளின் அளவைக் குறிக்கும் பிளாங்க் மாறிலி மேலே நிற்கிறது. என்ட்ரோபியின் கோவையில் அதே மாறிலி கீழே நிற்கிறது. பெருக்கும்போது அது மறைந்துவிடுகிறது. குவாண்டம் கொள்கையின் துணையின்றியே எழுதக்கூடிய ஈர்ப்புச் சமன்பாடு, குவாண்டம் அளவிலிருந்து வரும் வெப்பத்தின் சுவட்டைத் தன்னுள் வைத்துக்கொண்டே, அதை வெளியில் காட்டாமல் இருப்பது இவ்வாறுதான். நீராவி எந்திரத்தைக் கட்டியவர்களுக்கு அணுவைப் பற்றித் தெரியாமலே வெப்ப இயக்கவியல் சரியாக வந்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் மட்டும் இப்பொருத்தம் கிடைத்திருந்தால் அதை ஒரு கணக்கு விந்தையாக எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பத்மநாபனும் அவருடைய மாணவர்களும் லான்சோஸ்–லவ்லாக் கோட்பாடுகள் எனப்படும் ஒரு பெருங்குடும்பத்தை எடுத்துக்கொண்டனர். நான்குக்கு மேற்பட்ட பரிமாணங்களில் ஐன்ஸ்டைன் கோட்பாட்டை இயல்பாக நீட்டினால் கிடைப்பவை அவை. அவற்றில் கருந்துளையின் என்ட்ரோபி பரப்பளவுக்கு நேர் விகிதத்தில் இருப்பதில்லை, எல்லையின் வளைவையும் சார்ந்து சிக்கலான கோவையாகிவிடுகிறது. அசீம் பராஞ்சபே, சுதிப்தா சர்க்கார் ஆகியோருடன் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், அங்கேயும் எல்லையின் மேல் எழுதப்பட்ட புலச் சமன்பாடு அதே முதல் விதியாக, அந்தந்தக் கோட்பாட்டுக்குரிய சரியான என்ட்ரோபியோடு, மாறி நிற்பது காட்டப்பட்டது. பத்மநாபனின் ஆய்வுகளில் காலத்தால் அசைக்க முடியாத பகுதி எது என்று கேட்டால், இவ்வுரையின் கணிப்பில் அது இதுவே. ஏனெனில் இது கருத்தோ விளக்கமோ அன்று, எவரும் திரும்பச் செய்து சரிபார்க்கத்தக்க இயற்கணித உண்மை. ஈர்ப்பின் நுண்ணமைப்பைப் பற்றி நாளை எந்தக் கொள்கை வென்றாலும், இந்தப் பொருத்தத்துக்கு அது விடை சொல்லியாக வேண்டும்.

இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது ஆக்‌ஷன் பற்றிய அவருடைய ஆய்வு. ஒரு கோட்பாட்டின் சமன்பாடுகள் அனைத்தையும் ஒரே தொகையீட்டிலிருந்து வருவிப்பது இயற்பியலாரின் வழக்கம். அத்தொகையீடு ஆக்‌ஷன் எனப்படுகிறது. ஈர்ப்பின் ஆக்‌ஷன், காலவெளியின் உட்பகுதி சார்ந்த ஓர் உறுப்பாகவும் அதன் விளிம்பு சார்ந்த ஓர் உறுப்பாகவும் பிரிகிறது. பாடநூல்கள் விளிம்பு உறுப்பைத் தொல்லையாகக் கருதித் தள்ளிவிடுவதோ வேறோர் உறுப்பைச் சேர்த்து அதை ஈடுசெய்வதோ வழக்கம். தள்ளப்பட்ட அந்த உறுப்பை எல்லையின் மேல் மதிப்பிட்டால் கிடைப்பது கருந்துளையின் என்ட்ரோபி என்பதையும், உள்ளுறுப்பும் விளிம்பு உறுப்பும் ஒன்றிலிருந்து மற்றதைப் பெறத்தக்க உறவுடையவை என்பதையும் பத்மநாபன் எடுத்துக்காட்டினார். இங்கிருந்தே அவருடைய புகழ்பெற்ற ஒரு சச்சரவும் பிறந்தது. ஈர்ப்பைச் சுமக்கும் கிராவிட்டான் என்னும் துகளிலிருந்து தொடங்கி, அது தன்னோடு தானே வினைபுரிவதைப் படிப்படியாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஐன்ஸ்டைன் கோட்பாடு தானாக வந்துவிடும் என்பது துறையில் நெடுங்காலமாக ஓதப்பட்டுவந்த நம்பிக்கை. அவ்வழியில் விளிம்பு உறுப்பு வரவே வராது, எனவே அந்த வருவிப்பில் முடிவை முன்கூட்டியே நுழைத்துவிடும் குறை இருக்கிறது என்று அவர் வாதிட்டார். அவ்வழிமுறையை 1970இல் செம்மையாக்கிய ஸ்டான்லி டெசர், நாற்பதாண்டு கழித்து 2010இல் தம் வருவிப்பை விரித்தெழுதி அதைக் காத்துநின்றார். இருதரப்பும் தத்தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. கற்றறிந்தோர் ஒரு பாடநூல் வாசகத்தை மறுபடி திறந்து படிக்க நேர்ந்தது, அதுவே ஆதாயம்.

2010இல் அவர் போல்ட்ஸ்மனின் எண்ணிக்கைக் கணக்கை நேரடியாகவே செய்தார். நிலையான ஈர்ப்புப் புலத்தில் ஒரு பரப்பை எடுத்துக்கொண்டு, அதன் பரப்பளவைப் பிளாங்க் நீளத்தின் இருமடியால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைச் சுதந்திர இயக்கக்கூறுகளின் எண்ணிக்கையாகவும், பரப்பின் மேலுள்ள முடுக்கத்துக்குரிய உன்ரு வெப்பநிலையை அவற்றின் வெப்பநிலையாகவும் கொண்டால், பரப்புக்குள் அடங்கிய ஈர்ப்பு ஆற்றல், சமபங்கீட்டு விதி சொல்லும் அளவாகவே அமைகிறது. அதே ஆண்டின் தொடக்கத்தில் எரிக் வெர்லிண்டே ஈர்ப்பை என்ட்ரோபியால் எழும் விசை என்று விளக்கிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. அதன்பின் எழுந்த மறுப்புகளுள் சில, ஈர்ப்புப் புலத்தில் நியூட்ரான்களின் நடத்தையைச் சுட்டி வெர்லிண்டேயின் விசைக் கருத்தைத் தாக்கின. இரண்டு திட்டங்களையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவது பிழை. பத்மநாபன் விசை ஒன்றை என்ட்ரோபியிலிருந்து புனையவில்லை. ஏற்கெனவே உள்ள சமன்பாடுகள் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கின்றன என்று படித்தார்.

அவருடைய வாதங்களில் மிக வலிமையானது கருந்துளையிலிருந்து விலகி, அண்டத்தை நோக்கித் திரும்பும்போது வெளிப்படுகிறது. ஈர்ப்பைத் தவிர்த்த இயற்பியல் முழுவதிலும் ஆற்றலின் வேறுபாடே பொருளுடையது. சுழியத்தை எங்கே வைத்துக்கொண்டாலும் விளைவு மாறாது. ஈர்ப்பு மட்டுமே ஆற்றலின் மொத்த அளவுக்கு வளைந்துகொடுக்கிறது என்பது வழக்கமான கோட்பாடு. அப்படியானால் வெற்றிடத்தின் குவாண்டம் ஆற்றல் அண்டத்தை வெகு காலத்துக்கு முன்பே சிதறடித்திருக்க வேண்டும். 1998இல் தொலைவிலுள்ள விண்மீன் வெடிப்புகளை அளந்த இரு குழுக்கள் அண்டத்தின் விரிவு வேகம் கூடிவருவதைக் கண்டன. அதை விளக்கப் போதுமான அண்டவியல் மாறிலியின் மதிப்பு, பிளாங்க் அலகில் ஏறத்தாழ 10⁻¹²² என்னும் நம்ப முடியாத சிறிய எண். 2003இல் பத்மநாபன் இச்சிக்கலைப் பற்றி எழுதிய விரிவான மீளாய்வு, துறைக்குள் நுழைவோர் இன்றும் தொடங்குமிடமாக இருக்கிறது. அவர் வைத்த நிபந்தனை எளியது: சுழியத்தை மாற்றினாலும் ஈர்ப்புச் சமன்பாடு மாறக் கூடாது. இந்நிபந்தனையை ஏற்றுக்கொண்டால், காலவெளியின் வடிவத்தையே மாறியாகக் கொண்டு ஆக்‌ஷனிலிருந்து சமன்பாட்டை வருவிக்கும் பழைய வழி செல்லாது. ஒளி செல்லும் திசையில் அமைந்த பரப்புகளின் வெப்ப அடர்த்தியைத் தொகுத்து, அதன் உச்ச நிலையைத் தேடும் வழியிலோ சமன்பாடுகள் சரியாக வருகின்றன, சுழியத்தின் மாற்றம் அவற்றைத் தொடுவதில்லை. அண்டவியல் மாறிலி தொகையீட்டு மாறிலியாக ஓரமாக வந்து நிற்கிறது. கருந்துளை வெப்பத்தை ஆராயப் புறப்பட்ட பாதை, அண்டவியலின் ஆழமான புதிருக்குப் பயன்படுவது தற்செயலாக இருக்க முடியாது என்பதே அவருடைய நம்பிக்கையின் ஊற்று.

அந்த மாறிலியின் மதிப்பு ஏன் இவ்வளவு என்று சொல்ல அவர் எடுத்த முயற்சியை இதே தட்டில் வைக்க இயலாது. அண்டம் ஏன் விரிகிறது என்பதற்கு 2012இல் அவர் ஒரு விடை தந்தார்: எல்லைப் பரப்பிலுள்ள இயக்கக்கூறுகளின் எண்ணிக்கையும் அதற்குள் அடங்கிய இயக்கக்கூறுகளின் எண்ணிக்கையும் சமமாகாத வரையில், அவ்விரண்டின் வேறுபாட்டுக்கேற்ற வேகத்தில் புதிய வெளி தோன்றிக்கொண்டிருக்கிறது. வழக்கமான விரிவுச் சமன்பாடு அதிலிருந்து வந்துவிடுகிறது என்பதால் இதை ஒரு மறுவாசிப்பாக ஏற்பதில் தடையில்லை. அடுத்து 2013 முதல், மகளும் வானியற்பியலாளருமான ஹம்சா பத்மநாபனுடன் சேர்ந்து, அண்டத்தின் வரலாற்றில் ஒரு பார்வையாளருக்கு எட்டக்கூடிய தகவலின் அளவு முடிவுற்றது, அது 4π என்ற எண்ணாக இருக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். அவ்வாறு கொண்டால், தொடக்க காலப் பெருவீக்கத்தின் ஆற்றல் அளவோடு இணைத்து, அண்டவியல் மாறிலியின் மதிப்பைக் கண்டதற்கு ஏற்பப் பெற முடிகிறது. துணிச்சலான கருதுகோள், எனினும் அந்த எண் அடிப்படைக் கொள்கையிலிருந்து எழவில்லை, முன்கூட்டியே வைக்கப்படுகிறது. 

கீழிருந்து ஏறியவர்களும் வெறுங்கையோடு இல்லை. இழைக் கொள்கையில் ஆன்ட்ரூ ஸ்ட்ராமிஞ்சரும் கும்ரன் வாஃபாவும் 1996இல் ஒருவகைக் கருந்துளையின் நுண்நிலைகளை எண்ணிப் பெக்கன்ஸ்டைன்–ஹாக்கிங் என்ட்ரோபியையே பெற்றனர். அசோக் சென் அதைப் பல திசைகளில் நுட்பமாக்கினார். வளையக் குவாண்டம் ஈர்ப்பிலும் பரப்பளவுக்கு நேர் விகிதமான என்ட்ரோபியே வந்தது; அதற்கடுத்த நுண்திருத்தம் மடக்கைக் கோவையாக வரும் என்று ரொமேஷ் கௌலும் பார்த்தசாரதி மஜும்தாரும் சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்திலிருந்து 2000இல் எழுதினர். ஒன்றுக்கொன்று முரணான அடிப்படைகளிலிருந்து ஒரே விடை வருவது ஒவ்வொரு கொள்கைக்கும் வெற்றியாகச் சொல்லப்படுகிறது. அதனை வேறு கோணத்திலும் காணலாம்: என்ட்ரோபியின் மதிப்பு நுண்கூறுகள் இன்னவை என்பதைப் பிரித்தறியும் உரைகல்லாகவே இல்லை. இது பத்மநாபனின் நிலைக்கு வலுவூட்டுகிறது, அதன் குறையையும் காட்டிவிடுகிறது. வெப்ப இயக்கவியல் நுண்கூறுகள் உண்டு என்று சொல்லும், எத்தனை என்றும் சொல்லும். அவை எவை என்று சொல்லாது. போல்ட்ஸ்மனுக்குப் பின்னர் அணுவின் அமைப்பைக் காண ரூதர்ஃபோர்டு தேவைப்பட்டார். காலவெளியின் ரூதர்ஃபோர்டு இன்னும் வரவில்லை, அவர் செய்ய வேண்டிய சோதனையையும் இன்று எவராலும் வகுக்க முடியவில்லை என்ற விமரிசனத்துக்குப் பத்மநாபனின் கட்டுரைகளில் முழுமையான விடை இல்லை.

விடையின் ஒரு துண்டு அவருடைய இளமைக் கால ஆய்வில் இருந்தது. 1980களில் அவர், இரு புள்ளிகளுக்கிடையிலான தொலைவைப் பிளாங்க் நீளத்துக்குக் கீழே அளப்பதற்கு எந்தக் கருவியும் உதவாது என்பதை ஆராய்ந்து, காலவெளிக்குக் குறைக்கவியலாத அடிப்படை நீளம் ஒன்று உண்டு என்று கொண்டால் குவாண்டம் புலக் கோட்பாட்டில் என்ன மாறும் என்று கேட்டார். 1997இல் அக்கேள்வி இன்னும் கூர்மையடைந்தது: ஒரு துகள் செல்லும் பாதையின் நீளத்துக்கும் அந்நீளத்தின் தலைகீழிக்கும் வேறுபாடு இல்லாதபடி இயற்கை அமைந்திருந்தால் அடிப்படை நீளம் தானாகவே தோன்றும், முடிவிலிகளும் அடங்கும் என்று காட்டினார். இக்கருத்து, அவர் மாணவரும் பின்னர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியருமான தாவூத் கோத்தவாலாவின் கையில் புதிய உருப்பெற்றது.

மாணவர்களைப் பற்றிச் சொல்லும்போது நூல்களையும் சொல்லியாக வேண்டும். 'தியரட்டிகல் ஆஸ்ட்ரோபிசிக்ஸ்' என்னும் மூன்று தொகுதிகளை 2000 முதல் 2002 வரை தனியொருவராக எழுதி முடித்த அவர், 2010இல் ஈர்ப்புக்கென ஒரு பெரும் பாடநூலையும், 2016இல் குவாண்டம் புலக் கோட்பாட்டுக்கு ஒரு நூலையும் தந்தார். 'ரெசொனன்ஸ்' இதழில் எழுதிய குறும்பத்திகளிலிருந்து வளர்ந்த 'ஸ்லீப்பிங் பியூட்டீஸ் இன் தியரட்டிகல் பிசிக்ஸ்' இளநிலை மாணவரும் தொட்டுப் படிக்கத்தக்கது. அறிவியலின் தொடக்க கால வரலாற்றை மனைவி வசந்தி பத்மநாபனுடன் இணைந்து எழுதினார். தமிழில் இவற்றுள் ஒன்றேனும் வந்தால் தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்க்குப் பயன்படும். மொழிபெயர்க்கத் தொடங்குவோர் அந்தக் குறும்பத்திகளிலிருந்து தொடங்குவது நல்லது. அவர்தம் மாணவர் எல். ஸ்ரீராம்குமாரும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலேயே அண்டவியல் கற்பித்துவருவதால், புணேயில் தோன்றிய இந்த ஆய்வு மரபின் ஒரு கிளை தமிழ்நாட்டில் ஏற்கெனவே வேர்விட்டிருக்கிறது.

கோத்தவாலாவும் பத்மநாபனும் 2014ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த கணக்கு இவ்வுரையில் கடைசியாகக் குறிப்பிடத்தக்கது. அடிப்படை நீளத்தைச் சேர்த்துக்கொண்ட காலவெளியில் ஒரு புள்ளியைச் சுற்றிச் சிறிய கோளம் ஒன்றை வரைந்து, அதைப் புள்ளியை நோக்கிச் சுருக்கிக்கொண்டே போனால், கோளத்தின் கன அளவு சுழியமாகிவிடுகிறது, பரப்பளவு மட்டும் சுழியமாகாமல் ஒரு குறித்த மதிப்பில் நிற்கிறது. வெளியின் ஒவ்வொரு புள்ளிக்கும் கனம் இல்லை, பரப்பு உண்டு என்ற இம்முடிவு, கருந்துளையின் என்ட்ரோபி கனத்தை விட்டுப் பரப்பைப் பற்றிக்கொண்டிருப்பது ஏன் என்பதற்கு நுண்ணளவிலிருந்து கிடைத்த முதல் தடயமாக இருக்கக்கூடும். அப்பரப்பின் மதிப்பு புள்ளியிலுள்ள காலவெளியின் வளைவை எவ்வாறு சார்ந்திருக்கிறது என்பதிலிருந்து வெப்ப அடர்த்திக்குரிய கோவையும் கிடைக்கிறது. அந்தக் கோவைக்குப் பின்னால் எந்த நுண்கூறுகள் இருக்கின்றன, அவை தமக்குள் எந்த விதிப்படி வினைபுரிகின்றன என்பதே பத்மநாபனின் மாணவர்கள் இன்று கையில் வைத்திருக்கும் கணக்கு.